கப்பல் தரித்த ஒரு சனிக்கிழமை

1948 மார்ச் 27, சனிக்கிழமை. பெரிய வெள்ளி முடிந்துவிட்டது, உயிர்த்த ஞாயிறு இன்னும் விடியவில்லை. அவுஸ்திரேலியாவில் இருந்து இங்கிலாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ராத்எயார்ட் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்து நின்றது. அதில் வந்த பயணிகளில் 17 பேர் கிரிக்கெட் வீரர்கள். அவர்களின் தலைவர் டொன் பிராட்மன். கப்பல் திரும்பப் புறப்படுவதற்குள் அவர்கள் கரையிறங்கி, பொரளைக்கு அப்பால் வனாத்தமுல்லயில் இருக்கும் கொழும்பு ஓவல் மைதானத்துக்குப் போய், இலங்கை அணியோடு ஒரு மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

இலங்கை சுதந்திரம் பெற்று அன்றோடு 52 நாட்கள்.

இன்று கண்டிக்குப் பக்கத்து மடவளையில் இருந்து பல்லேகல மைதானத்துக்குப் போக ஒரு முச்சக்கரவண்டி போதும். டெஸ்ட் மேட்ச் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் நடப்பது என்று நினைத்து வளர்ந்த தலைமுறை இது. அவர்களுடைய பாட்டனார் காலத்தில் உலகத் தரமான கிரிக்கெட்டைக் கண்ணால் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. வத்தேகமவிலோ கண்டியிலோ ரயிலேறிக் கோட்டைக்குப் போக வேண்டும். அதுவும் கப்பல் வரும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். கப்பல் பிந்தினால் ஆட்டமும் பிந்தும், மழை வந்தால் ஆட்டமே இல்லை. இன்னொரு நாள் தங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுக்க விருந்தாளிகளுக்கு நேரம் கிடையாது.

இந்த ஏற்பாடு 1948இல் புதிதாக வந்ததல்ல. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்த பிறகு, இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் இலங்கையில் நின்றன. முதலில் காலியில் நின்றன. 1875இல் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கி, பத்தாண்டுகளில் அது முடிந்ததும் போக்குவரத்து முழுவதும் கொழும்புக்கு மாறியது. அந்தக் கற்சுவர் கட்டப்பட்டது வியாபாரத்துக்காக. கிரிக்கெட் அதன் நிழலில் வளர்ந்தது. 1882 அக்டோபரில் ஐவோ பிளை தலைமையில் அவுஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்து அணி கொழும்பில் இறங்கி உள்ளூரார் 18 பேரோடு ஆடியது. இலங்கையில் ஆடிய முதல் இங்கிலாந்து அணி அதுதான். ஆடி முடித்துக் கடலுக்குத் திரும்பிய அவர்களின் பெஷாவர் கப்பல் கிளென்றோய் என்ற பாய்மரக் கப்பலோடு மோதியதில் பிரெட் மோர்லி என்ற வேகப் பந்துவீச்சாளரின் விலா எலும்பில் காயம். அந்தப் பயணத்தில்தான் ‘ஆஷஸ்’ என்ற சாம்பல் கிண்ணம் பிளையின் கைக்கு வந்தது. ஐம்பது வருடம் கழித்து, 1932இல், பொடிலைன் தொடருக்குப் போகும் வழியில் டக்ளஸ் ஜார்டினின் அணியும் கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுத்தான் போனது.

கிரிக்கெட்காரர்கள் மட்டும் இறங்கவில்லை. அமெரிக்காவில் விளையாட்டுப் பொருட்கள் செய்து விற்ற ஆல்பர்ட் ஸ்போல்டிங், பேஸ்போலை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பெரும் பயணத்தை ஏற்பாடு செய்தார். ஒரு பக்கம் கெப் அன்சன் தலைமையில் சிக்காகோ அணி. மறுபக்கம் பல அணிகளில் இருந்தும் பொறுக்கி எடுத்த ‘ஓல் அமெரிக்கா’ என்ற நட்சத்திர அணி, அதற்கு ஜோன் மொண்ட்கோமரி வார்ட் தலைவர். 1889 ஜனவரி 26 அன்று இந்த இரண்டு அணிகளும் கொழும்பில் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. ஐந்து இன்னிங்ஸில் ஆட்டம் 3க்கு 3 என்ற சமநிலையில் நின்றது. கப்பல் காத்திருந்தது, போய்விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்கள் எகிப்தில் பிரமிட்டுகளுக்கு முன்னால் ஆடினார்கள். 1914 ஜனவரியில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணியும் நியூயோர்க் ஜயண்ட்ஸ் அணியும் இதேபோல உலகம் சுற்றும் வழியில் கொழும்பில் ஆடின. தேயிலை வியாபாரி சேர் தோமஸ் லிப்டன் அவர்களை உபசரித்தார். 1912 ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப் ஜயண்ட்ஸ் அணியோடு அந்தப் பயணத்தில் இருந்தார். பேஸ்போல் இங்கே வேர் பிடிக்கவில்லை. பிடிக்க நியாயமும் இல்லை: கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை ஒரு மாலைப்பொழுது காட்டிவிட்டுப் போகும் விளையாட்டை யார் பிடித்துக்கொள்வது? கிரிக்கெட் அப்படி அல்ல. வருடா வருடம் கப்பல் வந்தது. கல்லூரிகள் இருந்தன. கண்டி திரித்துவக் கல்லூரி அஸ்கிரியவில் மலையை வெட்டிச் சமப்படுத்தி உண்டாக்கிய மைதானம் 1915இலேயே திறக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கப்பல் ஆட்டங்கள் இலங்கைக்குச் செய்த ஒரு பெரிய காரியத்தை யாரும் போதியளவு சொல்வதில்லை. கொழும்பின் கிரிக்கெட் அன்று இனவாரியாகப் பிரிந்து கிடந்தது. வெள்ளையருக்கு ஒரு கழகம், சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., தமிழருக்கு தமிழ் யூனியன், பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று, மலாயருக்கு 1872இல் இருந்தே ஒன்று. வாரக் கடைசியில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவார்கள். கப்பல் வருகிறது என்ற தந்தி வந்தால்தான் இவர்களையெல்லாம் ஒரே பட்டியலில் எழுத வேண்டிய தேவை வரும். ‘இலங்கை அணி’ என்ற ஒன்று அரசியலில் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு நாள் ஆட்டத்துக்காக மைதானத்தில் உருவாகிவிட்டது. அந்த அணிக்குப் பின்னால் ஒரு சுதந்திர நாடு இருந்த நிலையில் உலகின் மிகப் பெரிய அணி வந்து இறங்கியதுதான் 1948 மார்ச் 27இன் முக்கியத்துவம். வெறும் பொழுதுபோக்கு ஆட்டம் என்று ஏடுகள் அதை ஒரு வரியில் தள்ளிவிடுவது சரியல்ல.

நடந்த இடத்தையும் பார்க்க வேண்டும். கொழும்பு ஓவல் தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். 1899இல் தொடங்கிய அந்தக் கழகம் 1940இல் வனாத்தமுல்லயில் இந்தப் புதிய இடத்துக்கு வந்தது. அதன் பின்னணியில் நின்று உழைத்தவர் பாக்கியசோதி சரவணமுத்து. அரசாங்கத்தில் தேயிலை, இறப்பர் கட்டுப்பாட்டுப் பதவி வகித்தவர். 1977இல் மைதானத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. ‘பி. சரா’ என்று இன்று எல்லாரும் சொல்வது இந்த ஓவலைத்தான்.

இலங்கை அணியின் தலைவர் மகாதேவ சதாசிவம். வயது 32. கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்தவர், தமிழ் யூனியன் ஆட்டக்காரர். அதற்கு முந்திய வருடம் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்திருந்தார். சேப்பாக்கத்துக் கிழவர்கள் வெகுகாலம் பேசிய இன்னிங்ஸ் அது. பந்து மட்டையில் படும் கடைசி நொடி வரை பொறுத்திருந்து, மணிக்கட்டை மட்டும் திருப்பிப் பந்தைப் பின்பக்கம் அனுப்பும் லேட் கட் அவருக்கே உரிய அடி. பலம் போட்டு அடிப்பவர்கள் அந்தக் காலத்திலும் ஏராளம் இருந்தார்கள். சதாசிவத்துக்குப் பலமே தேவைப்படவில்லை. கரிபியன் பிதாமகர் பிராங்க் வொரல் அவரை மிக உயர்வாக எடைபோட்டது இலங்கைக் கிரிக்கெட் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது. சதாசிவமும் பிராட்மனும் நாணயச் சுழற்சிக்காக நிற்கும் படம் இன்றும் இலங்கைப் பத்திரிகைகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

அவுஸ்திரேலியர்கள் முதலில் துடுப்பெடுத்தார்கள். சிட் பார்ன்ஸ் 49, கீத் மில்லர் 46. கூட்டம் யாருக்காக வந்திருந்ததோ அந்தப் பிராட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். 8 விக்கெட்டுக்கு 184 என்ற நிலையில் அவர்கள் இன்னிங்ஸை நிறுத்திக்கொண்டார்கள். இலங்கை 2 விக்கெட்டுக்கு 46 எடுத்திருந்தபோது மழை வந்தது. மார்ச் மாதத்துக் கொழும்பு மழை எப்படிப்பட்டது என்று கண்டிக்காரருக்கும் தெரியும்: பின்னேரம் இருண்டு, ஒரே அடியாகக் கொட்டித் தள்ளும். ஆட்டம் அதோடு முடிந்தது. வெற்றி தோல்வி இல்லை.

பிற்பாடுதான் ஒரு விசயம் தெரியவந்தது. ஆடுகளத்தின் நீளம் 22 யார் இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது 20 யார்தான்!

இரண்டு யார் என்றால் ஆறு அடி. வேகப்பந்து வீச்சுக்கு எதிரே நிற்பவனுக்கு ஆறு அடி என்பது சின்ன விசயமல்ல. பந்து கையை விட்டுப் புறப்பட்டுத் துடுப்புக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நல்ல அளவில் விழ வேண்டிய பந்து காலடியில் விழும், குட்டையாகக் குத்த நினைத்த பந்து நல்ல அளவில் விழும். வாழ்நாள் முழுவதும் 22 யாருக்குப் பழகிய கையும் கண்ணும் காரணம் தெரியாமல் தடுமாறும். அன்றைய அவுஸ்திரேலிய அணி உலகம் அதுவரை கண்ட அணிகளிலேயே மிகப் பலமானது. லின்ட்வோல், மில்லர், ஜோன்ஸ்டன் என்ற வேகப்பந்துக் கூட்டத்தைச் சந்திக்கப் போகும் இங்கிலாந்தே கலங்கியிருந்தது. அந்த அணியை இலங்கையின் துடுப்பாட்டக்காரர்கள் ஆறு அடி குறைந்த களத்தில் நின்று எதிர்த்தார்கள். 46க்கு 2 என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் அது மோசமான எண்ணிக்கையே அல்ல.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 20 யார் என்பது 60 அடி. பேஸ்போலில் பந்தெறிபவன் நிற்கும் மேட்டில் இருந்து அடிப்பவனின் தட்டு வரை உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். ஸ்போல்டிங்கின் ஆட்கள் வந்துபோன நகரத்தில், அறுபது வருடத்துக்குப் பிறகு, பிராட்மன் ஏறக்குறைய பேஸ்போல் தூரத்தில் நின்று துடுப்பாடிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த 20 ஓட்டங்கள் எந்தக் கணக்கிலும் சேராதவை. ஒருநாள் காட்சி ஆட்டம் என்பதால் முதல்தர ஆட்டம் என்ற தகுதி அதற்கு இல்லை. பிராட்மன் இதற்கு முன், 1930இல் முதன்முறையாக இங்கிலாந்துக்குப் போனபோதும் கொழும்பில் ஆடி 40 ஓட்டங்கள் எடுத்திருந்தார். இந்திய மண்ணில் அவர் ஒருநாளும் ஆடியதில்லை. ஆசியா அவருடைய துடுப்பாட்டத்தைக் கண்டது இலங்கையில் மட்டும்தான். அந்த வகையில் அன்று ஓவலில் கூடியிருந்த சனத்துக்குக் கிடைத்தது கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கராச்சிக்கும் கிடைக்காத ஒன்று.

கப்பல் போய்விட்டது. இங்கிலாந்தில் 34 ஆட்டங்கள், 25 வெற்றி, 9 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை. ‘தோல்வியறியாதவர்கள்’ என்ற பெயர் அந்த அணிக்கு நிலைத்தது. ஆகஸ்ட் 14 அன்று, லண்டனின் ஓவலில், தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸுக்கு இறங்கிய பிராட்மன், எரிக் ஹொலிஸின் இரண்டாவது பந்திலேயே ஓட்டமின்றி வெளியேறினார். நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100. கிடைத்தது 99.94.

இலங்கையில் அந்த வருடத்தின் மிச்சம் வேறு விதமாகப் போனது. எல்லாச் சமூகத்தவரையும் ஓர் அணியில் நிறுத்தி, அதற்கு ஒரு தமிழரைத் தலைவராகவும் ஆக்கிய அதே 1948இல், நவம்பர் 15 அன்று, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் எல்லாம் இதில் அடக்கம். மைதானத்தில் மார்ச்சில் எழுதப்பட்ட பட்டியலும் பாராளுமன்றத்தில் எழுதப்பட்ட பட்டியலும் ஒரே நாட்டைப் பற்றியவை என்று நம்புவதே கடினம். இரண்டில் எதை நாடு முதலில் படித்திருக்க வேண்டும் என்பதில் இந்த எழுத்துக்குச் சந்தேகமில்லை.

சதாசிவத்தின் வாழ்க்கையும் திசை மாறியது. 1951 அக்டோபரில் அவருடைய மனைவி கொலையுண்டார். அவர்மேல் குற்றம் சுமத்தப்பட்டு, நாடே கவனித்த நீண்ட வழக்குக்குப் பின் 1953இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். பிறகு கடல் கடந்து போய் சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராக இருந்த கிரிக்கெட் வீரர் அவர். 1977இல் காலமானார். இன்றும் சதாசிவம் என்ற பெயரைச் சொன்னால் வழக்கைத்தான் பேசுகிறார்கள். நூல்கள்கூட அதைப் பற்றியே வருகின்றன. சேப்பாக்கத்து 215ஐயும், பிராட்மனுக்குப் பக்கத்தில் நின்று புதிய நாட்டின் சார்பில் நாணயம் சுண்டியவரையும் தெரிந்த இளைஞர்கள் இன்று எத்தனை பேர்?

கப்பல் ஆட்டங்கள் அதன் பிறகும் சில காலம் நடந்தன. 1962இல் டெட் டெக்ஸ்டரின் எம்.சி.சி. அணி கன்பரா என்ற கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. ஆனால் காலம் விமானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. விமானத்தில் போகிறவர்களுக்குக் கொழும்பில் கால் நீட்ட வேண்டிய அவசியமில்லை.  1965இல் இலங்கைக்குச் சர்வதேச கிரிக்கெட் பேரவையில் இணை உறுப்புரிமை கிடைத்தது. முழு உறுப்புரிமைக்கு 1981 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. 1982 பெப்ரவரி 17 அன்று இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய இடம் வேறெதுவும் அல்ல, பிராட்மன் ஆடிய அதே ஓவல்தான். 1985இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றி கண்டதும் அங்கேயே.

அவுஸ்திரேலியர் டெஸ்ட் ஆட வந்தது கண்டிக்கு. 1983 ஏப்ரல் 22, அஸ்கிரிய. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை ஆடிய முதல் டெஸ்ட். கெப்லர் வெசல்ஸ் 141, டேவிட் ஹூக்ஸ் ஆட்டமிழக்காமல் 143. இலங்கை ஒரு இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றது. கப்பலுக்கு ஓட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லாத ஆட்டத்தில் அவுஸ்திரேலியாவைச் சந்திப்பது என்றால் என்ன என்பதை இலங்கை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டது.

அப்போது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் குண்டசாலையைச் சேர்ந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். மடவளையில் இருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஊர் குண்டசாலை. பாட்டனார் நாமக்கல் பக்கத்தில் இருந்து 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 1948இன் சட்டம் குறிவைத்த அதே மக்களில் ஒருவர். பையன் வேகப்பந்துதான் வீசினான். பதினான்கு வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்ன பிறகே சுழலுக்கு மாறினான். பாடசாலை முடித்ததும் அவன் சேர்ந்த கழகம் சதாசிவத்தின் தமிழ் யூனியன். முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2010 ஜூலையில் காலியில் விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை இதுவரை யாரும் எட்டவில்லை.

1999 செப்டெம்பரில் அவுஸ்திரேலியா மறுபடியும் அஸ்கிரியவுக்கு வந்தது. ஒரு பிடியை எடுக்க ஓடிய ஸ்டீவ் வோவும் ஜேசன் கிலெஸ்பியும் மோதிக்கொண்டார்கள். வோவின் மூக்கும் கிலெஸ்பியின் காலும் முறிந்தன. அவுஸ்திரேலியா 188, 140. இலங்கை 234, பிறகு 4 விக்கெட்டுக்கு 95. மூன்று நாளில் முடிந்த அந்த ஆட்டம்தான் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி. அந்த அணியில் குண்டசாலைப் பையனும் இருந்தார்.

இரண்டாவது வெற்றிக்கு இன்னும் 17 வருடங்கள் சென்றன. அதுவும் கண்டி மாவட்டத்திலேயே, பல்லேகலவில், 2016 ஜூலையில். முதல் இன்னிங்ஸில் இலங்கை 117க்குச் சுருண்டது. அவுஸ்திரேலியா 203. அதற்குப் பிறகு குசல் மெண்டிஸ் 176 அடித்து ஆட்டத்தையே புரட்டினார். கடைசி நாள் மழை மிரட்டிக்கொண்டிருக்க, பீட்டர் நெவிலும் ஸ்டீவ் ஓ’கீஃபும் 178 பந்துகளைத் தடுத்து நின்றார்கள். அந்த இணைப்பாட்டத்தில் வந்தது நான்கே ஓட்டங்கள். ரங்கன ஹேரத் ஐந்து விக்கெட் எடுத்தார், இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது.